விளக்கின் முதுகுப்பக்கம்

"நாலு மாசமாச்சு அம்மா. இன்னும் ஒரு வார்த்த சொல்லித் தரல்லியே?" என்று கேட்டார் உபதேசியார் கஸ்பார்.

விளக்குக்காரி மதலேன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எண்ணெய் ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு."

"திரி வெட்டியாச்சா?"

"வெட்டியாச்சு."

"அப்போ கீழ போயி கஞ்சி குடிங்க. ஆறிப்போவும்."

நாலு மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஞானோபதேசம் இவ்வளவுதான்.

*

கஸ்பாருக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் கடற்கரைக் கோயில்களில் உபதேசியார் வேலை பார்த்தவர். சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்வது, கல்யாணத்திலும் சாவிலும் நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அவர் பாடு. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. செத்தவனைத் தெரியாதவர்கள்கூட அழுதுவிடுவார்கள்.

ஒரு தவக்காலத்தில், பிரசங்கத்தின் நடுவில், தன் குரலைத் தானே கேட்டுவிட்டார்.

'இதில் ஒரு வார்த்தையாவது எனக்குத் தெரிந்துதான் பேசுகிறேனா?'

வாய் அடைத்துப்போனது. உபதேசியாருக்கு மயக்கம் என்று நினைத்து ஜனங்கள் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வெளியே நடந்தவர், தெரிந்து பேசும் ஒருவரைத் தேடி மலை மலையாக அலைந்தார். மடம் மடமாக ஏறி இறங்கினார்.

கடைசியில், பேசா விரதம் இருந்த ஒரு சாமி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மண்ணில் விரலால் எழுதிக் காட்டினார்: கொம்பன்பாறை.

கஸ்பாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது அவருடைய சொந்த ஊர்.

*

கொம்பன்பாறையில் மலை கடலுக்குள் இறங்குகிறது. கரையில் மணல் குறைவு, கல் அதிகம். கடலுக்குள்ளும் அரை மைல் தூரத்துக்குப் பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் வள்ளம் நுழைய ஒரே ஒரு வாய்க்கால். அதைத் தவறவிட்டால் மறுநாள் பலகைதான் கரை ஏறும்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த முனையில் கல்லால் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது. நூற்றி நாற்பத்திரண்டு படி. அதன் நிழலில் பிறந்து வளர்ந்த கஸ்பார் ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை.

ஊரில் அவருக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான். அன்று ஏறினார். மேலே முப்பத்தாறு வயதுப் பெண்ணொருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய் வாசனையோடு, ஒரு பெரிய இரும்புக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மவளே, இங்க ஞானி ஒருத்தரு உண்டாமே?"

"இங்க நான் மட்டுந்தான் உண்டு. இந்தா, இதக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். இன்னும் விடவில்லை.

*

மதலேனின் அப்பாதான் முன்பு விளக்குக்காரர். அவர் செத்துப்போனதும் வேறு ஆள் அனுப்ப மேலிடத்துக்கு மறந்துவிட்டது. விளக்கேற்ற இவளுக்கு மறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து வந்த அதிகாரி, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு போனார்.

கஸ்பார் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஊருக்கு வாய் ஓயவில்லை. முப்பது வருடம் ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர், இப்போது ஒரு பெண்பிள்ளையிடம் எண்ணெய் ஊற்றப் படிக்கிறார் என்று. அவருடைய ஒரே மகன் கிளீட்டஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கிளீட்டஸுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டு. தாயில்லாப் பிள்ளை. மீன் நன்றாகப் பட்ட நாளில் ஒரு சாளைக் கோர்வையோடு படியேறி வந்து, அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவான்.

"படிச்சாச்சா அப்பா?"

"இல்ல மக்கா."

"அவசரமில்ல. மெதுவாப் படிங்க."

*

கஸ்பார் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். குரு திருவாய் மலர்வதையெல்லாம் எழுதி வைக்க. அதில் 'எண்ணெய் ஊற்றியாயிற்றா' என்பது மட்டும் நூறு தடவைக்குமேல் இருந்தது.

காலையில் விளக்கை அணைத்ததும் கண்ணாடிக் கூண்டைச் சுற்றித் திரையை இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெயில் அந்தக் கண்ணாடிக்குள் புகுந்து குவிந்து நெருப்பாகிவிடும். ஒரு நாள் கஸ்பார் திரையை மறந்தார். நோட்டையும் அங்கேயே மறந்தார்.

திரும்பி வந்தபோது நோட்டின் நடுவில் ஒரு ஓட்டை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. ஓரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

மதலேன் அதை எடுத்து ஓட்டை வழியே அவரைப் பார்த்தாள்.

"வெயிலு வாசிச்சு முடிச்சிட்டுது உபதேசியாரே. இனி நீங்க வாசிக்கண்டாம்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

*

இன்னொரு நாள் கேட்டார்.

"இது எதுக்கு அம்மா இப்படிச் சுத்தணும்? ஒரே இடமா நின்னு எரிஞ்சா நல்ல வெளிச்சம் கிடைக்குமே."

"தெருக்கோடியில உங்க மவன் நடந்து வாறான். முகம் தெரியல்ல. அவன்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்க மவனுக்க நட எனக்குத் தெரியாதா?"

"கடல்ல கிடக்கவனுக்கும் அதுதான்."

கொம்பன்பாறை விளக்குக்கு ஒரு நடை உண்டு. வெளிச்சத்தில் ஒரு வெட்டு, உடனே இன்னொரு வெட்டு, பிறகு பன்னிரண்டு எண்ணும்வரை இருட்டு. மறுபடியும் வெட்டு, வெட்டு. வடக்கே இருக்கும் விளக்கு ஒற்றை வெட்டு. நின்று எரிந்தால் அது கப்பலாக இருக்கும், அல்லது யார் வீட்டு அடுக்களையாகவோ இருக்கும். கடலில் கிடப்பவன் அதை நம்பி வாய்க்காலுக்குள் நுழையமாட்டான்.

இந்த நடை ஓர் இரும்புக் குண்டின் தயவு. கோபுரத்தின் நடுக்குழியில் ஒரு காளைமாட்டுக் கனத்தில் அது சங்கிலியில் தொங்கும். அது இறங்க இறங்க, மேலே, முன்பக்கம் இரண்டு கண்ணாடியும் முதுகுப்பக்கம் தகடுமான ஆளுயரக் கூண்டு விளக்கைச் சுற்றித் திரும்பும். முக்கால் மணிக்கு ஒரு தடவை கைப்பிடியைச் சுற்றிக் குண்டை மேலே ஏற்ற வேண்டும். கஸ்பாரின் நாலு மாதப் படிப்பு பெரும்பாலும் அந்தக் கைப்பிடியில்தான் நடந்தது.

*

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மத்தியானம்வரை சிரித்துக்கொண்டிருந்த கடல் நாலு மணிக்கு முகம் கறுத்தது. ஐந்து மணிக்குக் காற்று. ஐந்தரைக்கு எதிரில் நிற்பவன் தெரியாத மழை.

வெளியே போன வள்ளங்களில் ஏழு திரும்பவில்லை. அதில் ஒன்று கிளீட்டஸுடையது.

மதலேன் வழக்கத்துக்கு முன்பே விளக்கை ஏற்றினாள். கூண்டு திரும்பத் தொடங்கியது. வெட்டு, வெட்டு, இருட்டு.

ஆறாவது சுற்றில் சங்கிலி அறுந்தது.

குண்டு நூற்றி நாற்பத்திரண்டு படி ஆழத்துக்கு நேராக விழுந்தது. கோபுரமே ஒரு தடவை குலுங்கியது. பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. விளக்கு எரிந்தது. கூண்டு நின்றுவிட்டது.

கஸ்பார் நடுக்குழியை எட்டிப் பார்த்தார். "அம்மா! இனி என்ன செய்ய?"

மதலேன் ஏற்கெனவே கூண்டின் சட்டத்தில் தோளைக் கொடுத்துவிட்டாள். அதன் அடிப்பாகம் ஒரு தொட்டிப் பாதரசத்தில் மிதக்கிறது. கனமானாலும் ஓர் ஆள் தள்ளினால் நகரும்.

"வந்து தள்ளுங்க. முன்னால நிக்காதீங்க, முதுகுப்பக்கம் நில்லுங்க. நம்ம நிழலு கடல்ல விழப்பிடாது."

"எந்த வேகத்துல?"

"மாதாவுக்குச் சொல்லுக 'அருள் நிறைந்த' மந்திரம் ஒண்ணு சொல்லி முடிக்க நேரத்துக்கு ஒரு சுத்து."

அப்பாடா என்றிருந்தது கஸ்பாருக்கு. அவருக்குத் தெரியாத மந்திரமா! சொல்லிக்கொண்டே தள்ளினார். கூண்டு கிறுகிறுவென்று சுற்றியது.

"உபதேசியாரே!"

"என்னம்மா?"

"இது எந்த ஊரு விளக்கு?"

அவருக்குப் புரியவில்லை.

"ஜெபமாலைய ஓட்டி ஓட்டிப் பழகிட்டீங்க. கோயில்ல சொல்லுகமாதிரி சொல்லாதீங்க. கேக்க ஆளிருக்குன்னு நினச்சுச் சொல்லுங்க."

முப்பது வருடம் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. முகம் சுட்டது. வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார், ஒவ்வொரு அடியாக வைத்தார். கூண்டு பழைய நடைக்குத் திரும்பியது.

*

மாறி மாறித் தள்ளினார்கள். ஒருவர் தள்ளும்போது மற்றவர் ஓய்வு.

ஏழு மணி இருக்கும். கஸ்பார் வெளி வராந்தாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். வெளிச்சம் மழையை வெட்டிக்கொண்டு போனது. அந்த வெட்டில் ஒரு கணம், பாறைகளுக்கு அப்பால், ஒரு வள்ளத்தின் கிழிந்த பாய் தெரிந்தது. பாயில் ஒரு வெள்ளை ஒட்டு.

அது அவருடைய பழைய அங்கி. இனி எதற்கு என்று மகனிடம் கொடுத்தது. அவன் பாயில் வைத்துத் தைத்திருந்தான்.

"எண்ணெய் தீரப்போவுது. நீங்க தள்ளுங்க, நான் எடுத்துட்டு வாறேன்" என்று மதலேன் கீழே இறங்கினாள்.

கஸ்பார் தள்ளினார். அந்தத் திசை வந்ததும் எட்டிப் பார்த்தார். பாய் இருந்தது. வெளிச்சம் தாண்டியது. இருட்டு.

இன்னொரு சுற்று. பாய் இன்னும் பாறைக்குப் பக்கமாக வந்திருந்தது. வெளிச்சம் தாண்டியது. இருட்டு.

பன்னிரண்டு எண்ணும்வரை இருட்டு. பெற்றவனுக்கு அது எவ்வளவு நீளம் என்று பெற்றவனைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது சுற்றில், வெளிச்சம் மகன்மேல் விழுந்ததும், கஸ்பார் கூண்டைப் பிடித்து நிறுத்தினார்.

*

படியில் காலடி தடதடவென்று ஏறியது. மதலேன் எண்ணெய்ப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"எனக்க மவனாக்கும் அங்க!" என்று கத்தினார் கஸ்பார்.

"ம்."

"கொஞ்ச நேரம் அம்மா. அவன் வாய்க்காலுக்குள்ள கேறுகது வரைக்கும். உங்க காலப் பிடிக்கேன்."

மதலேன் திட்டவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவர் கையைப் பிடித்துக் கூண்டைச் சுற்றி அழைத்துவந்தாள். வெளிச்சம் பாயும் பக்கத்தில், கண்ணாடிக்கு நேர் எதிரே அவரை நிறுத்தினாள்.

"பாருங்க" என்றாள்.

பார்த்தார்.

"வழி தெரியுதா?"

உலகமே வெள்ளையாகிவிட்டது. கண்ணுக்குள் ஊசி குத்தியது. கையை நீட்டினார். கை தெரியவில்லை. அவள் தெரியவில்லை. தரை எங்கே என்று தெரியவில்லை.

"ஐயோ, ஒண்ணுமே தெரியல்ல!"

அந்த வெள்ளைக்குள் நின்றபடியே கஸ்பாருக்கு எல்லாம் ஒருசேர விளங்கியது. அவர் போட்ட அலறலில் மழைச்சத்தமே ஒரு நொடி கேட்கவில்லை.

"தள்ளுங்க அம்மா! தள்ளுங்க!"

அவரே தடவித் தடவி முதுகுப்பக்கம் வந்தார். சட்டம் கையில் தட்டுப்பட்டது. தோளைக் கொடுத்தார்.

கூண்டு நகர்ந்தது.

*

அதன்பிறகு விடியும்வரை நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. தள்ளினார்கள்.

கஸ்பாருக்குக் கண் தெளிய வெகு நேரம் ஆனது. தெளிந்த பிறகும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. மகன் வாய்க்காலுக்குள் நுழைந்தானா, பாறையில் மோதினானா, தெரியாது. தெரியாமலே தள்ளினார். ஆறு வள்ளத்துக்குத் தள்ளினார். ஏழாவதுக்கும் சேர்த்துத் தள்ளினார். நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. ஆனால் கால் தடுமாறவில்லை.

மந்திரத்தை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எண்ணி மாளாத தடவை சொல்லியிருந்த அந்த வார்த்தைகளில், 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடத்தில், 'இப்பொழுதும்' என்று ஒரு சொல் இருப்பதை அன்றுதான் கேட்டார். கேட்டதும் கண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"ஏதாச்சும் வந்துதா அம்மா?"

"எண்ணெய் இருக்கு" என்றாள் மதலேன். "தள்ளுங்க."

*

கிழக்கு வெளுத்தது. மழை விட்டது. மதலேன் திரியை இறக்கி விளக்கை அணைத்தாள். பிறகு அவர் கைகளைச் சட்டத்திலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்திருந்தன.

"இனி பாக்கலாம்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் குரு.

அப்போது கீழே கோயில் மணி அடித்தது. சாவு மணி இல்லை. கொடியேற்றத்துக்கு அடிப்பதுபோல, அடிப்பவனுக்குக் கை ஓயாத அடி. கூடவே பெண்களின் குரவைச் சத்தம். ஊரே கரையில் நின்று கத்தியது.

"ஏழும் வந்தாச்சு! ஏழும் வந்தாச்சு!"

கஸ்பார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஒரு சின்னப் பிள்ளையைப்போல் வாய்விட்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். மதலேன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவர் கையில் கட்டுப் போட்டாள்.

படியில் தடதடவென்று காலடி. இரண்டு இரண்டு படியாகத் தாவி வருவது யார் என்று முகம் பார்க்காமலே கஸ்பாருக்குத் தெரிந்தது.

கிளீட்டஸ் உள்ளே வந்தான். உடம்பெல்லாம் உப்பு. நெற்றியில் ஒரு வெட்டு. முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவைத் தரையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

"அப்பா! ஏழும் பத்திரமா வந்தாச்சு! விளக்கு இல்லேன்னா ஒருத்தனும் இல்ல. அச்சுப் பிசகல்ல பாருங்க! எப்பவும்போல, வெட்டு, வெட்டு, இருட்டு. அதக் கண்டதும் எங்களுக்கு உயிரு வந்துது."

"எப்பவும்போலயா இருந்துது?" என்று கேட்டாள் மதலேன்.

"எப்பவும்போலத்தான் அக்கா. உங்களுக்கு என்ன, சாவி குடுத்துட்டு உக்காந்திருப்பீங்க. எங்க பாடுதான் பாடு."

மதலேன் துணியை எடுத்துக் கண்ணாடி துடைக்கத் தொடங்கினாள்.

"ஆனா ஒண்ணு அப்பா" என்றான் கிளீட்டஸ். கோபத்தில் அவன் குரல் உயர்ந்தது. "வாய்க்காலுக்கு நேரா வள்ளத்தப் பிடிச்சிட்டேன். அந்நேரம் பாத்து எவனோ ஒரு கப்பல்காரன், நேரா என் கண்ணுல லைட்ட அடிச்சு நிறுத்திட்டான். ஒண்ணும் தெரியல்ல. பாறையும் தெரியல்ல, வாய்க்காலும் தெரியல்ல. கப்பலு மேல ஏறப்போவுதுன்னு நினச்சு வள்ளத்தத் திருப்பிட்டேன். நேரா பாறைக்கு! ஒரு கம்பு தூரந்தான் இருந்துது. அதுக்குள்ள அந்தப் பாவி தொலஞ்சான். நம்ம விளக்கு வந்துது. வெட்டு, வெட்டு. நான் பொழச்சேன்."

கஸ்பார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவளின் தோள் குலுங்கியது. நாலு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. இப்போதும் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

"எவன்னு மட்டும் தெரியட்டும்" என்று கிளீட்டஸ் பல்லைக் கடித்தான். "அந்தக் கப்பல்காரன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் முன்னால வந்து நிக்கட்டும்!"

கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மகனுக்கு எதிரே போய், கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் பக்கத்தில் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்றார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"இந்தா நிக்கேன் லே மக்கா."